கல்மண்டபம் வீட்டு குரூப்: பல்லு பதிஞ்ச கதை

ஞாயிறு, இரவு 8:41

அப்பா: தினேஷ், பாக்சிங் கோச் போன் பண்ணாரு. ஏன்டா கைய இழுத்துக்கிட்ட?

அப்பா: ரெஃப்ரி கைய உதறிட்டு, எதிர் கார்னர் கோச்சுக்கு கை குடுக்காம இறங்கி வந்துட்டியாம். உண்மையா?

அம்மா: வீட்டுக்கு வந்து இன்னும் சாப்பிடல அவன். மொட்டை மாடில இருக்கான். குரூப்ல கேக்குறதுக்கு மேல போய் கேளுங்களேன்

மாமா: மாப்ள தோத்துட்டானா?? காலைல நான் ஸ்டேட்டஸ்லாம் போட்டேனே

நான்: மாமா அந்த ஸ்டேட்டஸ எடுத்துடுங்க ப்ளீஸ்

தினேஷ்: 3-2 ஸ்ப்ளிட். மூணு ஜட்ஜு அவனுக்கு, ரெண்டு ஜட்ஜு எனக்கு. மூணு ரவுண்டும் தலையால முட்டுனான். புருவம் வீங்கியிருக்கு. ரெஃப்ரி ஒரு வார்னிங் கூட குடுக்கல. நான் எதுக்கு கை குடுக்கணும்

தினேஷ்: *இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது*

பெரியப்பா: அழிச்சத நான் படிச்சிட்டேன். அந்த வார்த்தையெல்லாம் குரூப்ல வேணாம்.

தினேஷ்: சாரி பெரியப்பா

பெரியப்பா: வீடியோ இருந்தா அனுப்பு.

9:04

லண்டன் அத்தை: இப்பதான் ட்யூட்டி முடிஞ்சு பஸ்ல ஏறுனேன். எல்லாத்தையும் படிச்சேன். கண்ணு, புருவத்துக்கு ஐஸ் வச்சியா? நேரா வைக்காத, துணில சுத்தி வை. வாந்தி, தலைசுத்தல் எதாவது இருக்கா?

தினேஷ்: இல்ல அத்தை. ஐஸ் வச்சேன்

லண்டன் அத்தை: சரி. தலையால முட்டுனதுக்கே இவ்ளோ கோவம். நெஞ்சுல கடிச்சிருந்தா?

மாமா: கடிக்கிறதா 😳 நம்ம டைசன் காதை கடிச்சானே, அதுவா? 1997. டிவில பாத்தோம், மறுநாள் மார்க்கெட்ல அதே பேச்சு

லண்டன் அத்தை: அதுக்கு 73 வருஷம் முன்னாடி நடந்தது. என் வீட்டுக்கு பக்கத்துல வளந்த ஆளு. ஹாரி மாலின்னு பேரு. தம்பிய நான் டென்னிஸுக்கு கூட்டிட்டு போவேன்ல, ஈட்டன் மேனர்னு ஒரு இடம், 2012 ஒலிம்பிக்ஸ் பார்க்கோட வடக்கு மூலை. அந்தக் காலத்துல ஈட்டன்ங்கிற பணக்கார ஸ்கூல்ல படிச்சவங்க, ஹேக்னி விக் பக்கத்து ஏழைப் பசங்களுக்காக நடத்துன கிளப்பு அது. இவர் அந்த கிளப்பு பாக்சர்

லண்டன் அத்தை: ஹேக்னி விக்குன்னா இப்ப காபிக்கடையும் சுவர் ஓவியமும். அப்ப ஃபேக்டரி புகை, கால்வாய் நாத்தம். நம்ம காசிமேடு மாதிரின்னு வச்சுக்க

மாமா: காசிமேட்ட எதுக்கு இழுக்குற 😤

லண்டன் அத்தை: நாத்தம்னாலே அண்ணனுக்கு ரோஷம் வந்துடும்

பெரியப்பா: மாலின் பேரு கேள்விப்பட்டிருக்கேன். போலீஸ்காரர்தானே?

லண்டன் அத்தை: ஆமாண்ணே, லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ். 1892ல பொறந்தவர். மிடில்வெயிட், அதாவது நடு எடைப் பிரிவு. 1919லேந்து 1923 வரைக்கும் அஞ்சு வருஷமும் இங்கிலாந்து அமெச்சூர் சாம்பியன் அவர்தான். நடுவுல 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸ்ல தங்கம். ஃபைனல்ல கனடாக்காரர தோக்கடிச்சார்

பெரியப்பா: போலீஸு! அப்படிப் போடு. சும்மாவா சொல்றேன், டிபார்ட்மெண்ட்ல இருக்கிறவன் காலைல எழுந்திருப்பான், ஒழுங்கா ஓடுவான்.

அம்மா: நீங்க எந்திரிச்சு ஓடுனத நாங்க பாத்ததே இல்லையே அண்ணா 😄

பெரியப்பா: உன் கல்யாணத்துக்கு முன்னாடி ஓடுனேன்மா.

அப்பா: கடிச்ச கதைக்கு வாங்க

9:19

லண்டன் அத்தை: 1924 ஜூலை, பாரிஸ். சைக்கிள் ரேஸ் நடக்கிற பெரிய மூடுன ஸ்டேடியம், அதுக்குள்ள ரிங் போட்டாங்க. மாலினுக்கு 32 வயசு. கால் இறுதில எதிர்ல நின்னது ரோஜே ப்ரூஸ்னு பிரெஞ்சுக்காரர். ஊரே அவர் பக்கம்

லண்டன் அத்தை: மூணு ரவுண்டு முடிஞ்சுது. மாலின் ரெஃப்ரிகிட்ட போய் நெஞ்ச காட்டுறார். பல்லு பதிஞ்ச தடம். ரெஃப்ரி கண்டுக்கல. தீர்ப்பு ரெண்டுக்கு ஒண்ணுன்னு ப்ரூஸ் பக்கம் போயிடுச்சு

தினேஷ்: தடம் இருந்துமா??

மாமா: வீட்டுக்காரன் பிரெஞ்சுக்காரன், வேற இன்னா பண்ணுவான்

அம்மா: ஐயோ நெஞ்சுலயா. செப்டிக் ஆகிடாது?

லண்டன் அத்தை: அண்ணி, நர்ஸு நானே அத யோசிக்கல. மனுஷன் கடிச்சா நாய் கடிச்சத விட மோசமா கூட பழுக்கும்

லண்டன் அத்தை: இறங்கிட்டேன், நடந்துக்கிட்டே டைப் பண்றேன். தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. அப்புறம் என்னாச்சுன்னா, புகார் குடுத்தது மாலின் இல்ல, இங்கிலாந்து டீமும் முதல்ல கிளப்பல. அங்க உக்காந்து பாத்த ஸ்வீடன் நாட்டு அதிகாரி ஒருத்தர். டாக்டர் பாத்தாங்க, பல்லு தடம்தான்னு உறுதியாச்சு. அதுக்கு முன்ன ப்ரூஸ்கூட சண்டை போட்ட அர்ஜென்டினாக்காரரும் ‘என்னையும் கடிச்சான்’னாரு

மாமா: தொழிலே அதுதானா அவனுக்கு 🤣🤣

லண்டன் அத்தை: கேளுங்க. விசாரிச்ச கமிட்டி, கடிச்சது உண்மை, ஆனா வேணும்னே கடிக்கலன்னு சொல்லிச்சு. ப்ரூஸுக்கு குத்து விடும்போது தாடைய படக்குனு மூடுற பழக்கமாம்

மாமா: ஓஹோ!! தாடைக்கும் பல்லுக்கும் நடுவுல நெஞ்சு வந்து மாட்டிக்கிச்சு. நெஞ்சு மேலதான் தப்பு

அப்பா: 😂

நான்: மாமா இத நாளைக்கு ஸ்டேட்டஸ் போடுங்க

லண்டன் அத்தை: என்னவோ, ப்ரூஸ டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க. பாரிஸ் கூட்டம் சும்மா விடுமா? ரகளை. மாலின் அடுத்த சண்டைக்கு அதே கூச்சலுக்கு நடுவுலதான் ஏறுனார். செமில பெல்ஜியம்காரர், ஃபைனல்ல ஜான் எலியட், அவரும் பிரிட்டன் டீம்தான். ரெண்டுலயும் ஜெயிச்சு மறுபடி தங்கம். ஒலிம்பிக்ஸ் பாக்சிங்ல வாங்குன தங்கத்த அடுத்த தடவையும் விடாம வச்சுக்கிட்ட மொத ஆளு அவர்தான்

9:33

தினேஷ்: கதை நல்லாருக்கு அத்தை. ஆனா எனக்காக பேச ஸ்வீடன்காரர் யாரும் வரலையே

தினேஷ்: நான் கத்தாம நின்னிருந்தா எவன் கேட்டிருப்பான்? கத்துனதால கோச்சாவது வந்து பாத்தார்

(இதுக்கு ரொம்ப நேரம் யாரும் பதில் போடல.)

லண்டன் அத்தை: நீ சொல்றதும் சரிதான்டா. மாலினும் வாய மூடிட்டு நிக்கல, நெஞ்ச காட்டுனார். நீ புருவத்த யாருக்காவது காட்டுனியா?

தினேஷ்: இல்ல. நேரா இறங்கிட்டேன்

அப்பா: டீம் மேனேஜர்கிட்ட அங்கயே சொல்லியிருக்கணும். இறங்கி வந்தப்புறம் என்ன பேசுனாலும் தோத்தவன் புலம்புறான்னுதான் சொல்வாங்க

மாமா: மச்சான் சொல்றது கரெக்ட். அதான் நான் அப்பவே சொன்னேன், இந்த அமெச்சூர் சமாச்சாரத்த விட்டுட்டு மாப்ள ப்ரோ ஆகட்டும்னு. ஒருத்தர் ஷோ நடத்துறாராம், ஒரு சண்டைக்கு காசு கையில. எனக்கு போன் பண்ணார்

அம்மா: எந்த ஒருத்தர்? எப்ப போன்? எனக்கு ஏன் சொல்லல?

மாமா: அக்கா அது வந்து

அப்பா: அமெச்சூரா இருந்தாதான் ஸ்போர்ட்ஸ் கோட்டால போலீஸ் வேலைக்கு வழி. மாசா மாசம் சம்பளம். முகம் உடைஞ்சாலும் சோறு இருக்கும்

தினேஷ்: அப்பா, இந்தக் காலத்துல ப்ரோ ஆனவங்களும் ஒலிம்பிக்ஸ் போறாங்க

அப்பா: அவங்கள விடு. நீ இன்னும் ஸ்டேட் செலக்‌ஷனே தாண்டல

பெரியப்பா: தங்கச்சி, மாலின் ப்ரோ ஆனாரா?

லண்டன் அத்தை: ஆகவே இல்லண்ணே. 300 சண்டைக்கு மேல, ஒண்ணுல கூட தோல்வி இல்லன்னு சொல்றாங்க. ரெண்டு தங்கம் இருக்கிற ஆளு, காசு குடுக்கிறவன் வரிசைல நின்னிருப்பான். வேலைலயே இருந்துட்டார். அவரோட தம்பி ஃப்ரெட்டும் மிடில்வெயிட், 1928லேந்து 1932 வரை அவரும் அஞ்சு தடவ சாம்பியன். 1928 ஒலிம்பிக்ஸ்ல நாலாவது இடத்தோட நின்னுட்டார், பாவம்

பெரியப்பா: ஒரே வீட்டுல பத்து பட்டம்! நானும் உங்க அப்பனும் ஒரு வீட்டுல ரெண்டு பேரும் ஏறுனோம். ஒரு டிபன் கேரியர் கெடச்சுது.

அப்பா: அது நான் ஜெயிச்சது அண்ணே

பெரியப்பா: அதுல சாப்பிட்டது யாரு?

லண்டன் அத்தை: 😂😂 அப்புறம் இன்னொண்ணு. 1937ல பிபிசி டிவின்னு ஒண்ணு இருக்கிறதே பாதிப் பேருக்கு தெரியாத காலம். லண்டன்ல அலெக்ஸாண்ட்ரா பேலஸ்லேந்து பாக்சிங் காட்டுனாங்க. கமெண்ட்ரி குடுத்தது நம்ம மாலின். டிவில விளையாட்டு கமெண்ட்ரி குடுத்த மொத ஆட்கள்ல ஒருத்தர். 1936லயும் 1952லயும் ஒலிம்பிக்ஸுக்கு பிரிட்டன் பாக்சிங் டீம் மேனேஜராவும் போனார்

9:52

நான்: அத்தை, அவருக்கப்புறம் பிரிட்டன்ல ரெண்டு தடவ தொடர்ந்து தங்கம் வாங்குனது யாருன்னு இப்பதான் தேடுனேன். நிக்கோலா ஆடம்ஸ்! 2012, 2016. மாலினுக்கப்புறம் 92 வருஷம்!!

மாமா: அது பொண்ணாச்சே? நம்ம மேரி கோம்ம தோக்கடிச்சுதே, அதுவா

நான்: அதே. லண்டன் செமி ஃபைனல், 11-6. நம்ம மேரிக்கு வெண்கலம். மறுநாள் ஃபைனல்ல சீனாவோட ரென் கன்கன 16-7. ஒலிம்பிக்ஸ்ல பெண்கள் பாக்சிங்ல விழுந்த மொத தங்கமே அதுதான்

மாமா: அன்னிக்கு அந்தப் பொண்ண எவ்ளோ திட்டுனோம்

நான்: திட்டக்கூடாது மாமா. அதே வருஷம் சீனால உலக சாம்பியன்ஷிப்ல மேரி கால் இறுதில தோத்ததும் இந்த நிக்கோலாகிட்டதான். ஆனா நிக்கோலா அடுத்து செமில ஜெயிச்சதாலதான் மேரிக்கு லண்டன் டிக்கெட்டே கெடச்சுது. அடிச்சதும் அவங்க, கதவு திறந்ததும் அவங்க. மேரி வழக்கமா ஆடுறது 46, 48 கிலோல. லண்டனுக்காக 51க்கு ஏறுனாங்க

அம்மா: எடை ஏத்துறதும் கஷ்டம்தான் போல. இவன் இறக்குறதுக்கு என் உசுர வாங்குறான்

நான்: தினேஷ் இது உனக்கு. நிக்கோலா லீட்ஸ்காரி. அவங்க அம்மா எக்சர்சைஸ் கிளாஸுக்கு போகும்போது பிள்ளைய பாத்துக்க ஆள் இல்லாம அங்கயே கூட்டிட்டு போனாங்களாம், பிள்ளை பக்கத்துல பாக்சிங் பழக ஆரம்பிச்சுது. 13 வயசுல மொத சண்டை, ஜெயிச்சாங்க. ரெண்டாவது சண்டைக்கு எதிர்ல நிக்க ஒரு பொண்ணு கிடைக்க நாலு வருஷம் ஆச்சு

தினேஷ்: நாலு வருஷமா?

நான்: ஆமா. இங்கிலாந்து அமெச்சூர் சங்கம் பொண்ணுங்களுக்கு இருந்த தடையையே 1996லதான் எடுத்துச்சு. ஒலிம்பிக்ஸ்ல சேப்போம்னு சொன்னது 2009. அது வரைக்கும் எதுக்கு பழகுறோம்னே தெரியாம பழகியிருக்காங்க. உனக்கு 3-2ஆவது கெடச்சுது

தினேஷ்: அக்கா நீ ஆறுதல் சொல்றியா குத்துறியா

நான்: ரெண்டும்

மாமா: அந்தப் பொண்ணு பொழப்புக்கு இன்னா பண்ணுச்சு அது வரைக்கும்?

நான்: சின்னச் சின்ன வேலை. டிவி சீரியல்ல கூட்டத்துல ஒருத்தரா நிக்கிறதும் சேத்து

அப்பா: பாத்தியா. அதுக்குதான் வேலைங்கிறேன்

10:10

தினேஷ்: 📹 வீடியோ (3 நிமிஷம்)

தினேஷ்: பெரியப்பா மூணாவது ரவுண்டு இருக்கு. பக்கத்து பையன் எடுத்தது, ஆடும்

மாமா: மாப்ள செம்ம இறக்கம்! அந்த ரைட்டு!!

அம்மா: நான் பாக்க மாட்டேன்

10:26

பெரியப்பா: 🎤 வாய்ஸ் மெசேஜ் 1:12

நான்: பெரியப்பா, அம்மா போன்ல வாய்ஸ் ஓட மாட்டேங்குதாம், டைப் பண்ணுங்களேன்

பெரியப்பா: கண்ணாடி போட்டுட்டேன். கேளு. தலைய இறக்கிட்டு உள்ள வர்றான், அது ஃபவுல்தான். ரெண்டு தடவ நிச்சயமா முட்டியிருக்கான். ரெஃப்ரி பாத்திருக்கணும். அது வரைக்கும் உன் பக்கம் நான்.

பெரியப்பா: ஆனா நாப்பதாவது செகண்டுல நிறுத்திப் பாரு. இடது கைய நீட்டுற, சரி. திரும்ப எங்க வருது அது? இடுப்புக்கு. தாடைக்கு வரல. ஒவ்வொரு தடவையும் அந்த ஓட்டைல அவன் ரைட்ட வச்சிருக்கான். ஏழு எண்ணுனேன்.

பெரியப்பா: தலையால முட்டுனது புருவத்துல. இந்த ஏழும் ஜட்ஜு பேப்பர்ல. நான் உக்காந்திருந்தாலும் அந்த ரவுண்ட அவனுக்குதான் குடுத்திருப்பேன்.

தினேஷ்: ஏழா

பெரியப்பா: எண்ணிப் பாரு.

10:39

தினேஷ்: ஆறு

பெரியப்பா: ஒரு தடவ பாத்துட்டு சொல்லாத.

10:44

தினேஷ்: ஏழு

லண்டன் அத்தை: வீட்டுக்கு வந்துட்டேன். ஐஸ இருவது நிமிஷத்துக்கு மேல வைக்காத கண்ணு. கண்ணு மங்கலா தெரிஞ்சா உடனே போன் பண்ணு, டைம் பாக்காத

தினேஷ்: சரி அத்தை

பெரியப்பா: நாளைக்கு காலைல 5:30. கயிறு எடுத்துட்டு வா. கிளவுஸ் வேணாம். இடது கை மட்டும்.

மாமா: அண்ணா நானும் வரட்டா பாக்க

பெரியப்பா: வா. ஆனா அந்த ஷோ நடத்துறவர கூட்டிட்டு வராத.

அம்மா: கீழ இறங்கி வாடா. இட்லி ஆறுது. நாலுதான் வச்சிருக்கேன், எடை எடைன்னு கத்தாத

தினேஷ்: வரேன்மா. கோச்சுக்கு போன் பண்ணேன். எடுக்கல

அப்பா: எடுக்கலன்னா நாளைக்கு சாயங்காலம் நேர்ல போ. அந்தப் பையன் கோச்சு எந்த ஏரியான்னு அவர்கிட்ட கேட்டுக்க

தினேஷ்: வியாசர்பாடி

அப்பா: பஸ்ஸு காசு டேபிள் மேல வைக்கிறேன்