பச்சை லேசர் மங்கினால் முதலில் சூட்டைப் பாருங்க

பாயான் லெப்பாஸ், லேசர் பராமரிப்பு:
கரண்ட் ஒரு நொடி போயிட்டு வந்தாலே போதும், எனக்கு போன் வந்துடும். "அண்ணே, பச்சை லேசர் செத்துப்போச்சு!" சாகல. எங்க மார்க்கிங் மெஷினில் ஓடுறது 1064 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. அதை 532 பச்சையா மாத்துறது ஒரு எல்பிஓ (லித்தியம் ட்ரைபோரேட்) கிரிஸ்டல். அது சின்ன ஓவனுக்குள்ள, கிட்டத்தட்ட 149 டிகிரி செல்சியஸில் இருக்கணும். அந்தச் சூட்டில்தான் ரெண்டு நிறத்துக்கும் ஒளிவிலகல் எண் ஒண்ணாகும், அதாவது ரெண்டும் கிரிஸ்டலுக்குள்ள ஒரே வேகத்துல போகும். அப்போ கிரிஸ்டல் நெடுகப் பிறக்கிற பச்சை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கூடும். கரண்ட் போய் ஓவன் ஆறி சில டிகிரி தவறினா, முன்னாடி பிறந்ததைப் பின்னாடி பிறந்ததே அழிச்சிடும். தைப்பூசத் தேரை ஆளுக்கொரு தாளத்துல இழுத்தா நகருமா?

போன தடவை புதுசா வந்த தம்பி, பச்சை வரலைன்னு, லேசருக்கு ஒளி ஊட்டுற டையோடோட கரண்டை ஏத்தப் பார்த்தான். கையைப் பிடிச்சு நிறுத்தினேன். ஓவன் ஏறினதும் பச்சை தானா வரும்; அப்போ ஏத்தின கரண்டும் சேர்ந்தா கண்ணாடியெல்லாம் பொசுங்கிடும். ஓவனையும் அவசரப்படுத்தக் கூடாது, திடீர்ச் சூட்டில் கிரிஸ்டல் வெடிக்கும். சனி ஞாயிறு கரண்ட் பில்லை மிச்சம் பண்ண ஓவனை அணைக்கச் சொல்ற பாஸ்களே, எல்பிஓ ஈரத்தை இழுக்கும், பினாங்கு காத்து எப்படின்னு உங்களுக்குத் தெரியாததா?

செராஸ், வானம் பார்க்கிறவன்:
என் பச்சை பாயிண்டரும் அப்படித்தான். கேஎல்-ல பளிச்சுனு இருக்கும், கேமரன் மலைக் குளிர்ல மங்கிடும். சட்டைப் பைக்குள்ள கொஞ்ச நேரம் வெச்சிருந்தா சரியாயிடும். இதுவும் கிரிஸ்டல் வேலைதானா?

பாயான் லெப்பாஸ்:
பெரும்பாலும் இல்லண்ணே. பாயிண்டரில் பச்சையாக்குறது கேடிபின்னு வேற கிரிஸ்டல், அது சூட்டு மாற்றத்தை நல்லாவே தாங்கும். உள்ள ஒளி ஊட்டுற 808 நானோமீட்டர் டையோடுதான் காரணம். அதோட அலைநீளம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 நானோமீட்டர் நகரும். குளிர்ல அலைநீளம் குறைஞ்சா, அகச்சிவப்பைத் தர்ற நியோடிமியம் கிரிஸ்டல் அதைச் சரியா விழுங்காது. அகச்சிவப்பே குறைஞ்சா பச்சை எங்கிருந்து வரும்?

கோலாலம்பூர், ஆய்வு மாணவி:
எனக்கு நேர் எதிர், பச்சை எங்கே மறையுதுன்னு தேடுறதுதான் வேலை. பேரியம் டைட்டனேட் படிகத்துல அகச்சிவப்பு லேசரை அடிச்சு, அதைச் சூடேத்திக்கிட்டே போனா, 120 டிகிரி பக்கத்துல பச்சை சிக்னல் சட்டுனு விழுந்துடும். அதுக்கு மேல அணு அமைப்புக்கு மையச் சமச்சீர் வந்துடுது, அதாவது மையத்துக்கு எதிரெதிர்ப் பக்கம் ஒரே மாதிரி ஆயிடுது. அப்படிப்பட்ட படிகத்தோட உட்புறம் இரண்டாம் சீரிசை ஒளியை, அதாவது அலைநீளம் பாதியான இந்தப் பச்சையை, தராது. குளிரவிட்டா அதே டிகிரியில திரும்பாது, கொஞ்சம் கீழே இறங்கின பிறகுதான் வரும். அதனால சூடேத்துற கோட்டையும் ஆறவிடுற கோட்டையும் தனித்தனியா வரையணும்னு என் மேற்பார்வையாளர் பிடிவாதமா நிக்கிறார்.