பெட்ரோல் லைனைக் கழற்றும் முன் பம்ப் பியூஸை எடுக்க வேண்டுமா?

அரியாங்குப்பம் தம்பி: காருக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் பில்டரை நானே மாற்றப் போகிறேன். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் கழற்றினால் பிரஷர் தானாக இறங்கியிருக்கும் என்கிறார்கள். அது போதுமா?

மஞ்சக்குப்பம் மெக்கானிக்: போதும் தம்பி. பனியன் வேஸ்ட்டை (துடைக்கிற துணி) சுற்றிப் பிடித்து மெதுவாக லூஸ் பண்ணு, கொஞ்சம் பெட்ரோல் வரும், அவ்வளவுதான். கார்புரேட்டர் காலத்திலிருந்து இப்படித்தான் செய்கிறோம். பியூஸைப் பிடுங்கிவிட்டு வண்டியை ஓடவிட்டால் பம்ப் காய்ந்து கெட்டுப்போகும்.

வில்லியனூர் வண்டிக்காரன்: அண்ணே, கார்புரேட்டர் கணக்கை இதற்குப் போடாதீர்கள். அதில் பிரஷர் அரை பார் (bar, பிரஷர் அளவு) கூட இருக்காது, இன்ஜெக்ஷன் வண்டி லைனில் 3 முதல் 4 பார். காலையில் ஒரே செல்பில் ஸ்டார்ட் ஆகவேண்டும் என்றுதான் பம்ப்பில் பெட்ரோலைத் திரும்ப விடாத செக் வால்வு வைத்திருக்கிறார்கள், வால்வு நன்றாக இருக்கிற வண்டியில் மறுநாளும் பிரஷர் நிற்கும். பம்ப் காயும் என்பதும் தவறு. பியூஸை எடுத்தால் அதற்குக் கரண்டே போகாது, சுற்றாத பம்ப் எப்படிக் காயும்?

தம்பி, டேங்க் மூடியைத் திறந்து ஆவியை விடு. பம்ப் பியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணு, லைனில் மிச்சமிருப்பதை எரித்துவிட்டு இன்ஜின் தானாக அணையும், அப்புறம் சில விநாடி செல்ப் அடித்து, சாவியை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்று.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்: ஸ்டார்ட்டே ஆகாமல் தள்ளிக்கொண்டு வருகிற வண்டியை எப்படி ஓடவிடுவாய்? அதுவும் இல்லாமல், செக் இன்ஜின் லைட் எரியும். நீ சொன்னதையெல்லாம் செய்தாலும் பைப்பில் பெட்ரோல் இருக்கத்தான் செய்யும்.

வில்லியனூர் வண்டிக்காரன்: லைட்டை ஸ்கேனரில் அழித்துவிடலாம். ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக்கொடுக்கும் ரெயில் பைப்பில் டயர் வால்வு மாதிரி ஒன்று இருந்தால் பிரஷர் கேஜ் ஹோஸ் போட்டுக் கேனில் வடிக்கலாம். அது இல்லையென்றால் உங்கள் பனியன் வேஸ்ட்தான் வழி, அதை நான் மறுக்கவில்லை, இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். பயமே அந்தக் கொஞ்சம் பெட்ரோலில்தான். மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவி விடுகிற சாமான் அது, நம் ஊர் மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம். ஆவி காற்றைவிடக் கனம், வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்கிற குழிக்குள் இறங்கித் தங்கிவிடும், அங்கேதான் நம் ஷெட்களில் குண்டு பல்பைத் தொங்கவிடுகிறார்கள்.

கடலூர் டீசல்: இதை யாரும் காமன் ரெயில் டீசலுக்கு (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ஹை பிரஷர் பைப்பிலிருந்து டீசல் போகிற வண்டி) செய்துவிடாதீர்கள். அங்கே 1,600 பார், புது வண்டிகளில் அதற்கும் மேல். எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்துவது பழைய பழக்கம், இதில் அப்படிச் செய்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே ஏறும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, உள்ளே சதை அழுகும். உடனே ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் ஏறியது என்று சொல்லியே காட்டவேண்டும்.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்: டீசலில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது, பையன்களை அந்த நட்டைத் தொடவே விடமாட்டேன். பெட்ரோல் வண்டியிலும், ஸ்டார்ட் ஆகி ஓடுகிறது என்றால் பியூஸை எடுத்தே செய், தம்பி. ஆனால் துணியை விட்டுவிடாதே. குழியில் இறங்காமல் வெளியில் காற்றோட்டமாக வைத்துச் செய். மாட்டி முடித்ததும் உடனே செல்ப் அடிக்காமல், சாவியை இரண்டு மூன்று தடவை ஆன் செய்து, ஜாயின்ட்டில் கசிகிறதா என்று கண்ணால் பார்.