மறு: மறு: ‘கம்பேனியன்’ என்பதற்குச் சொல் கேட்டேன், லிடியா சண்டை வந்தது

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளில் நாற்பது மடலுக்கு மேல். நான் கேட்டது ஒரே ஒரு சொல். சிங்கப்பூரில் ஏப்ரலில் நடக்கும் தமிழ்மொழி விழாவையொட்டி உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் காணொளி விளையாட்டுகளைப் பற்றித் தமிழிலேயே ஒரு மணி நேரம் பேசவேண்டும். ஆட்டம் முழுக்க நம்மோடு வரும் பாத்திரத்தைக் ‘கம்பேனியன்’ என்கிறார்களே, அதற்கு என்ன சொல்லலாம் என்றேன். எடுத்துக்காட்டாக ‘ஸ்கைரிம்’ என்ற காணொளி விளையாட்டில் கூட வரும் லிடியாவின் பெயரைப் போட்டதுதான் வினை. சொல்லை விட்டுவிட்டு எல்லாரும் லிடியாவைப் பிடித்துக்கொண்டீர்கள்.

ஈசூன் வட்டாரத் தம்பி பற்றவைத்தது இது:

> லிடியா சும்மா ஓவர்ரேட்டட் அண்ணே. சொந்தக் கதை கிடையாது, சொந்தத் தேடல் கிடையாது. வாசலை அடைச்சுக்கிட்டு நிப்பா. தரையில இருக்கற பொறியை மிதிச்சு நம்மளையும் சேர்த்து மாட்டிவிடுவா. முதல்ல கிடைச்ச ஆள்ங்கறதால தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க, அவ்வளவுதான்.

செங்காங் நண்பர் ஊதிவிட்டது இது:

> அந்த ஆட்டத்தில் கூட வரும் பாத்திரங்களில், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் முதலில் யார் பெயரைச் சொல்வீர்கள்? அவளுடைய பெயரைத்தானே. அப்புறம் எப்படி ஓவர்ரேட்டட்?

ஒருவர் கிழக்கே பேசுகிறார், இன்னொருவர் மேற்கே பேசுகிறார். தம்பி சொல்வது அவள் திறமையைப் பற்றி. நண்பர் சொல்வது அவள் புகழைப் பற்றி. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் கேள்வி. அதைக் குறிக்க நம்மிடம் சொல் இல்லாததால் ஆளாளுக்கு ஆங்கிலச் சொல்லை எடுத்து வேறு வேறு பொருளில் வீசிக்கொண்டிருக்கிறோம். ஆகவே இப்போது இரண்டு சொல் வேண்டும்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்தது. வைட்ரன் நகருக்கு வெளியே காவல்கோபுரத்தில் முதல் டிராகனைக் கொன்றதும், அந்தப் பகுதியின் தலைவர் பால்குரூஃப் உங்களுக்குப் பட்டம் கட்டி, லிடியாவையும் கூட அனுப்புகிறார். அவள் பதவி ‘ஹவுஸ்கார்ல்’. மூட்டையைக் கொஞ்சம் வைத்துக்கொள் என்றால், ‘உங்கள் சுமைகளைச் சுமப்பதாக உறுதி எடுத்திருக்கிறேன்’ என்பாள். சொல்லில் பணிவு, குரலில் சலிப்பு. அவள் புகழின் பெரும்பகுதி அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

‘ஹவுஸ்கார்ல்’ என்றால் தலைவன் வீட்டோடு இருக்கும் படைவீரர். பழைய பொருளைப் பார்த்தால் ‘அகம்படி’ கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் இன்று அதை எழுதினால் சாதிப் பெயராகத்தான் வாசிப்பார்கள். மாணவர்கள் முன்னால் அந்த வம்பு வேண்டாம். உறுதி எடுத்துக் காவல் நிற்பவர் என்ற பொருளுக்குச் சோழர் காலத்து ‘வேளைக்காரர்’ இருக்கிறார்கள். அரசனுக்காக உயிரையும் விடுவதாக உறுதி பூண்ட படை. பொலன்னறுவையில் அவர்கள் வைத்த தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது. லிடியாவுக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் கிடையாது என்று துள்ளிக் குதித்து ‘வேளைக்காரி லிடியா’ என்று எழுதினேன். என் மனைவி எட்டிப் பார்த்து, “வேலைக்காரியா? எழுத்துப்பிழை இருக்கு” என்றார். அதோடு அந்தச் சொல்லின் ஆயுள் முடிந்தது.

அந்தப் பிழை என்னைக் கொஞ்ச நேரம் விடவில்லை. 2011-இல் இங்கே எல்லார் கண்ணிலும் பட்ட படம் ஒன்று நினைவிருக்கும். தேசியச் சேவை (கட்டாய இராணுவச் சேவை) இளையர் சீருடையில் முன்னால் நடக்க, பணிப்பெண் அவருடைய முதுகுப்பையைச் சுமந்து பின்னால் வருவார். ஊரே அதைப் பற்றிப் பேசியது. அதே ஆண்டு இறுதியில் லிடியா வந்தாள். ‘உங்கள் சுமைகளை’ என்று அவள் இழுக்கும்போது இந்த ஊர்க்காரனுக்குக் கூடுதலாக ஒரு சிரிப்பு வருகிறதே, அது அவ்வளவு சுகமான சிரிப்பு அல்ல.

போகட்டும். ‘கம்பேனியன்’னுக்கு வருகிறேன். ஒரு சிக்கல்: ஸ்கைரிமுக்குள் ‘கம்பேனியன்ஸ்’ என்பது வைட்ரனில் இருக்கும் ஒரு வீரர் கூட்டத்தின் பெயர். லிடியா அதில் சேர்த்தி இல்லை. ஆட்டம் அவளை ‘ஃபாலோயர்’ என்கிறது. அதைப் ‘பின்தொடர்பவர்’ என்று பெயர்த்தால் மாணவர்கள் இன்ஸ்டாகிராமை நினைப்பார்கள்.

‘துணைவர்’ என்று நால்வர் எழுதியிருந்தீர்கள். மாராவின் தாயத்தை அணிந்துகொண்டு போய்ப் பேசினால் அந்த ஆட்டத்தில் லிடியாவைத் திருமணமே செய்துகொள்ளலாம். அப்போது ‘துணைவி லிடியா’ என்றால் எந்தப் பொருளில்? ‘கூட்டாளி’ நமக்கு இங்கே நண்பன். தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் கூட்டாளிகள் எப்போதும் கைதாகிக்கொண்டே இருப்பார்கள். ‘தோழர்’ என்றால் கட்சி அலுவலக வாசனை. தேசியச் சேவையில் இருக்கும் ஈசூன் தம்பி ‘பட்டி’ (பயிற்சியில் இணையாக வரும் கூட்டாளிக்கு ஆங்கிலச் சொல்) போதுமே என்றார். தெக்கோங் பயிற்சித் தீவில் ஆளுக்கொரு பட்டி உண்டுதானே. விக்கிரமாதித்தனுக்கும் ஒரு பட்டி உண்டு, காடாறு மாதம் நாடாறு மாதம் கூடவே அலைந்தவன். சிரித்துக்கொண்டே ஒதுக்கிவைக்கிறேன்.

நான் அதிக நேரம் செலவிட்டது ‘பாங்கன்’ என்ற சொல்லில். அகத்திணையில் தலைவிக்குத் தோழி இருப்பதுபோல் தலைவனுக்குப் பாங்கன். அவனுக்கென்று தனிக்கதை கிடையாது. தலைவன் இருக்கும் பாட்டில்தான் அவன் இருப்பான். அவன் வேலை என்ன? தலைவன் காதலில் மயங்கி நிற்கும்போது, ‘உன்னைப் போன்றவனுக்கு இது அழகா’ என்று இடித்துச் சொல்வது. அதற்குத் துறைப்பெயரே ‘பாங்கன் கழறல்’. கழறிவிட்டு, அப்புறம் அவனேதான் உதவியும் செய்வான். இதைப் படித்ததும் எனக்கு லிடியாவின் குரல்தான் கேட்டது. இடித்துச் சொல்லவும் வேண்டும், மூட்டையைத் தூக்கவும் வேண்டும். தம்பி சொன்ன ‘சொந்தக் கதை கிடையாது’ என்ற குறை, அந்த மரபில் குறையே அல்ல.

ஆனாலும் பாங்கன் தேறவில்லை. லிடியாவைப் ‘பாங்கி’ என்று எழுதவேண்டும். என் அம்மாவுக்குப் பாங்கி என்றால் பணம் போடும் இடம். பொதுவாகப் ‘பாங்கர்’ என்றால் ராஃபிள்ஸ் பிளேஸில் கழுத்துப்பட்டையோடு நடக்கிறவர். நாய்க்கு என்ன செய்வது? ஸ்கைரிமில் மீக்கோ என்று ஒரு நாயும் கூட வரும்.

என் முன்மொழிவு: வழித்துணை. ஆண், பெண், நாய், குதிரை யாருக்கும் பொருந்தும். விளக்கவே தேவையில்லை, இராத்திரியில் தனியாகப் போகிறவரிடம் ‘வழித்துணைக்கு யாரையாவது கூட்டிட்டுப் போ’ என்று சொல்லாத வீடு உண்டா? ‘இணையம்’ என்ற சொல்லை நமக்குத் தந்த நா. கோவிந்தசாமி வாழ்ந்த ஊர் இது. அந்தச் சொல் இணையதளம், இணையவழி என்று கிளைவிட்டதால் நிலைத்தது. வழித்துணைக்கும் கிளை உண்டு: வழித்துணைப் பாத்திரம், வழித்துணைக் கட்டளை, வழித்துணையாக்கு.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. கணினிக்கு இந்தப் பாத்திரங்களைச் செய்வதில் பெரிய தலைவலியே வழிதான். மேசையைச் சுற்றி, கதவு வழியாக, ஆட்டக்காரர் மேல் இடிக்காமல் அவர் பின்னால் வரவேண்டும். இதற்கான வழிதேடல் முறைகளில் பெயர்பெற்ற ஏ-ஸ்டார் 1968-இலேயே, ஒரு ரோபோவை நடக்கவைக்கும் ஆய்வில் பிறந்தது. அத்தனை வருடம் கழித்தும் லிடியா வாசலில் நிற்கிறாள். குறுகலான குகையில் நமக்குப் பின்னால் நிற்கிறவள், நாம் திரும்பியதும் நமக்கு முன்னால் நிற்கிறவள் ஆகிவிடுகிறாள். வழித்துணை வழிமறிப்பாகும் கணம் அது. 2013-இல் ‘பயோஷாக் இன்ஃபினிட்’ என்ற ஆட்டத்தில் வந்த எலிசபெத்தை நாம் காப்பாற்றவே வேண்டாம். தோட்டா தீர்ந்தால் அவளே தேடி எடுத்து வீசுவாள். அதே ஆண்டு தி லாஸ்ட் ஆஃப் அஸில் நாம் ஒளிந்திருக்கும்போது எல்லி எதிரியின் மூக்குக்குக் கீழே ஓடினாலும் அவன் கண்ணுக்குத் தெரியமாட்டாள். ஏமாற்று வேலைதான். ஆனால் வழி மறிப்பதைவிட மேல்.

‘ஓவர்ரேட்டட்’டுக்கு ‘மிகைமதிப்பு’ என்று எழுதியவர்களுக்கு: அது நாணய மாற்று விகிதத்துக்குப் போய்விட்டது. ‘மிகைநடிப்பு’ எல்லாருக்கும் தெரிந்த சொல். அதே அச்சில் ‘மிகைப்புகழ்’ என்கிறேன். மிகை புகழில் இருக்கிறது, பாத்திரத்தில் அல்ல. லிடியா சுமாரான வாள்வீச்சுக்காரி என்பது ஒரு செய்தி. அவளுக்கு மிகைப்புகழ் என்பது நம்மைப் பற்றிய செய்தி.

என் தீர்ப்பைக் கேட்டால், ஆமாம், மிகைப்புகழ்தான். அவளைப் பற்றி நாம் சொல்லும் கதைகளில் முக்கால்வாசி நாம் சொந்தமாகச் சேர்த்தவை. ஸ்கைரிமுக்கே 2012-இல் வெளியான விரிவாக்கத்தில் வந்த செரானாவைப் பாருங்கள். சும்மா நிற்கும்போதுகூடச் சுவரில் சாய்வாள், நாற்காலியில் உட்காருவாள். அவளுக்கென்று ஒரு வீடு, ஒரு அப்பன், ஒரு கோபம் உண்டு.

சொற்களை உடைத்துப் பாருங்கள்.

— பிடோக்கிலிருந்து

*

பிடோக் தம்பிக்கு,

‘வழித்துணை’ என்று பார்த்ததும் முதலில் சுருக்கென்றது. பயந்த தனி வழிக்குத் துணை வேலும் மயிலும் என்று அருணகிரிநாதரைப் பாடி வளர்ந்தவள் நான். விரிஞ்சிபுரத்தில் சிவபெருமானுக்கே வழித்துணைநாதர் என்று பெயர். அதைக் கொண்டுபோய்க் குகை வாசலை அடைத்து நிற்கிறவளுக்கா என்று எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதே தோன்றியது: அங்கேயும் துணை என்று சொல்லப்படுவது ஓர் ஆயுதமும் ஓர் ஊர்தியும்தானே. என் மறுப்பை எடுத்துக்கொள்கிறேன்.

பன்மை, வேற்றுமை எல்லாம் ஒழுங்காக வருகிறது. “வழித்துணையை அனுப்பிவிட்டேன்”, “வழித்துணையிடம் வில்லைக் கொடு”. ஒன்று மட்டும்: ‘வழித்துணை வந்தாள்’ என்பதா, ‘வந்தது’ என்பதா என்று மாணவர்கள் கேட்பார்கள். பாத்திரத்தின் பாலையே பின்பற்றச் சொல்லுங்கள். ‘குழந்தை’ என்ற சொல்லில் பழகியதுதான்.

மிகைப்புகழுக்கு எதிர்ச்சொல்லை யாரும் கேட்கவில்லையே? அண்டர்ரேட்டட். ‘குறைப்புகழ்’ என்று தயவுசெய்து போடாதீர்கள்; குறைசொல்லிப் புகழ்வதுபோல் ஒலிக்கிறது. நமக்குக் குன்றிலிட்ட விளக்கும் குடத்திலிட்ட விளக்கும் ஏற்கெனவே உண்டு. ‘குடவிளக்கு’ என்று சுருக்கிக்கொள்ளுங்கள். முப்பது வருடம் வகுப்பில் நின்றதில் நான் பார்த்த குடவிளக்குகள் எத்தனையோ.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியை, செங்காங்

*

டீச்சர், குடவிளக்கு செம. அப்ப ஜெனாசாதான் குடவிளக்கு. அதே வைட்ரன்ல 500 காசு கொடுத்தா வருவா, அருமையா அம்பு விடுவா, யாரும் பேசறதே இல்ல.

அண்ணே, வழித்துணை ஓகே. முகாம்ல ரெண்டு பேர்கிட்ட சொன்னேன், விளக்காமலே புரிஞ்சிடுச்சு. ஆனா மிகைப்புகழ் யார் வாயிலயும் வராது லா. நாங்க ‘ஓவர் பில்டப்’னு சொல்லுவோம். ‘ஏத்திவிட்டது’ன்னாலும் போதும்.

இன்னொண்ணு. நேத்து ராத்திரி ஒரு கொள்ளைக்காரன் அடிச்சு லிடியா மண்டி போட்டுட்டா. அந்த நிலையில எதிரிங்க விட்டுடுவாங்க, கொஞ்ச நேரத்துல எழுந்துடுவா. ஆனா நான் அவனுக்கு விட்ட அம்பு அவ முதுகுல பட்டுச் செத்துட்டா. நம்ம அடிதான் அவளைக் கொல்லும்னு தெரியும்ல. பழைய சேமிப்பைத் திறந்து நாப்பது நிமிஷம் மறுபடி ஆடினேன். இவ்வளவுக்கும் ஜெனாசாவைக் கூலிக்கு வச்சிருந்தா அந்த நாப்பது நிமிஷம் மிச்சம்.

ஆனாலும் ஓவர்ரேட்டட்தான்.

— ஈசூன்

*

அக்கா, குடவிளக்குக்கு நன்றி. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

தம்பி, ‘ஓவர் பில்டப்’ வேறு. அது ஒருவர் வேண்டுமென்று செய்வது. விளம்பரக்காரர் செய்யலாம், தன்னைப் பற்றித் தானே செய்துகொள்ளலாம். லிடியாவுக்கு யாரும் பில்டப் கொடுக்கவில்லை, ஆட்டத்தைச் செய்தவர்கள்கூட. புகழ் தானாகச் சேர்ந்தது. ‘ஏற்றிவிடுவது’ என்றால் ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும். எழுத்தில் மிகைப்புகழ் இருக்கட்டும். பேச்சில் உங்கள் வாய்க்கு எது வருகிறதோ அது. மேடையில் நான் இரண்டையும் சொல்கிறேன், எது ஒட்டுகிறதென்று பார்ப்போம்.

பட்டியலில் போவது: வழித்துணை, வழித்துணைப் பாத்திரம், வழிமறிப்பு, மிகைப்புகழ், குடவிளக்கு. வழித்துணை இடித்துப் பேசும் வரிகளுக்குக் ‘கழறல்’ என்று போட்டிருக்கிறேன். நூலக நண்பர் கனமாக இருக்கிறது என்கிறார், எனக்கு விட மனமில்லை. ஹவுஸ்கார்லை அப்படியே ஹவுஸ்கார்ல் என்று விட்டுவிடுகிறேன். ஆட்டத்தில் சேர்ந்து போகும் குழுவைச் சொல்லும் ‘பார்ட்டி’க்கு இன்னும் சொல் இல்லை. ‘படை’ என்று எழுதாதீர்கள், நாலு பேர் படை ஆகமாட்டார்கள்.

தம்பி, அந்த அம்புக் கதையை மாணவர்களிடம் சொல்லலாமா? யார் என்று சொல்லமாட்டேன்.

— பிடோக்