32 இன்ச் எச்டி டிவி: எந்த கேபிள் வாங்குவது, எந்த ஓட்டையில் செருகுவது?

சின்னத்திரை:

டிவி 32 இன்ச். கையேட்டில் 1366 × 768 என்று போட்டிருக்கிறது. பின்பக்கம் ஒரு எச்டிஎம்ஐ, அதன் மேல் ஏஆர்சி என்று எழுதியிருக்கிறது. இடது ஓரத்தில் இன்னொரு எச்டிஎம்ஐ. அதுபோக பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வட்ட ஓட்டைகள். பச்சையைச் சுற்றி பாதி வளையம் மஞ்சள். பக்கத்திலேயே ஆடியோவுக்கு வெள்ளை, சிவப்பு. கீழே ஒரு விஜிஏ.

மாட்ட வேண்டியவை மூன்று. எச்டி செட் டாப் பாக்ஸ் (இப்போது மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஒயரில் ஓடுகிறது, படம் மங்கல்), ஒரு பழைய டிவிடி பிளேயர், ஒரு லேப்டாப். பாக்ஸ் டிவிக்கு நேர் கீழே. லேப்டாப் மேஜை வரை சுவரோரமாக அளந்தால் 6 மீட்டர்.

கேபிள் அட்டைகளில் 1.4, 2.0, 2.1, 4கே, 8கே, தங்க முலாம் என்று என்னென்னவோ இருக்கிறது. இந்த டிவிக்கு எது? விலை கூடிய கேபிள் என்றால் கலர் நன்றாக வருமா? டிவியைச் சுவரில் மாட்டப் போகிறோம், பிறகு அடிக்கடி கழற்ற முடியாது.

சாலிடர்:

"ஹை ஸ்பீட்" என்று அச்சிட்ட எச்டிஎம்ஐ கேபிள். உங்கள் டிவிக்கு அது போதும், மிச்சமும் இருக்கும்.

1.4, 2.0, 2.1 எல்லாம் கருவிகளில் உள்ள போர்ட்டின் கணக்கு. கேபிளுக்கு வெர்ஷன் எண் கிடையாது. கேபிளை அது தாங்கும் வேகத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்: ஸ்டாண்டர்ட், ஹை ஸ்பீட், பிரீமியம் ஹை ஸ்பீட், அல்ட்ரா ஹை ஸ்பீட். விநாடிக்கு 60 பிரேம் 1080பி படத்துக்கு (எண் என்பது வரிகளின் எண்ணிக்கை; "பி" என்றால் ஒவ்வொரு முறையும் எல்லா வரியும், "ஐ" என்றால் ஒன்றுவிட்டு ஒரு வரி) கம்பியில் ஓடுவது விநாடிக்கு சுமார் 4.46 கிகாபிட். 720பி, 1080ஐ என்றால் அதில் பாதி, 2.23. ஸ்டாண்டர்ட் கேபிளைச் சோதிப்பது இந்த 2.23 வரைக்கும்தான். ஹை ஸ்பீட் 10.2 வரை, பிரீமியம் 18, அல்ட்ரா 48. உங்கள் பேனலில் இருப்பது ஏறக்குறைய பத்தரை லட்சம் புள்ளிகள். அதற்கு 48 கிகாபிட் கேபிள் கெடுதல் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த ரகம் பெரும்பாலும் தடியாக, விறைப்பாக இருக்கும். சுவருக்கும் டிவிக்கும் நடுவில் வளைக்கப் பாடுபட வேண்டும்.

விலை கூடினால் கலர் கூடிவிடாது. இது டிஜிட்டல். பிட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் மலிவு கேபிளிலும் அதே படம்தான். சேரவில்லை என்றால் திரையில் வெள்ளையாகவோ கலராகவோ பொட்டுப் பொட்டாக மின்னும், கிடைக்கோடுகள் வெட்டும், அல்லது இரண்டு மூன்று விநாடி இருண்டு திரும்ப வரும். மங்கல், வெளிறிய கலர், எழுத்துக்குப் பின்னால் நிழல் இதெல்லாம் எச்டிஎம்ஐ கேபிளின் வேலை இல்லை. அதற்கு செட்டிங்கைப் பாருங்கள். தங்க முலாம் பிளக்கில் களிம்பு ஏறாமல் காக்கும். படத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

செட் டாப் பாக்ஸுக்கு 1.5 மீட்டர் எடுங்கள். மஞ்சள் ஒயரைக் கழற்றி எச்டிஎம்ஐ போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பாக்ஸின் மெனுவில் வீடியோ அவுட்புட் இன்னும் 576-லேயே நிற்கலாம். அதை 1080ஐ அல்லது 720பி ஆக்கினால்தான் எச்டி. மஞ்சள் ஒயர் எச்டியைக் கடத்தவே கடத்தாது: 480 அல்லது 576 வரி, அதுவும் வெளிச்சமும் கலரும் ஒரே கம்பியில் கலந்து. நீங்கள் சொன்ன மங்கலுக்கு இதுதான் காரணம்.

பழைய_ஒயர்:

டிவிடி பிளேயரைப் பற்றி யாரும் சொல்லலையே. பின்னால் பச்சை-நீலம்-சிவப்பு இருந்தா காம்போனென்ட் கேபிள் போடுங்க. டிவிடியில இருக்கிறதே 480 / 576 வரிதான், அதுக்கு இது தாராளம்.

மாட்டும்போது ஒரு இடத்துல எல்லோரும் தடுக்கி விழுவாங்க: சிவப்பு பிளக் ரெண்டு இருக்கும். ஒண்ணு வீடியோ, ஒண்ணு ஆடியோ. அஞ்சு ஒயரும் ஒரே கட்டா வந்தா, பச்சை-நீலத்தோட ஒட்டிப் பிரியுற சிவப்பு வீடியோ, வெள்ளையோட போறது ஆடியோ. மாத்திச் செருகினா ஸ்பீக்கர்ல உர்ர்னு இரையும், படத்துல சிவப்பு காணாம முகமெல்லாம் பச்சையடிக்கும். கலர் மட்டும் தாறுமாறா இருந்தா நீலமும் சிவப்பும் இடம் மாறியிருக்கு. படமே வரலைன்னா பச்சையைப் பாருங்க. வெளிச்சமும் சிங்க்கும் (படத்தை இடம் நகராம நிறுத்துற சிக்னல்) அதுலதான் போகுது.

அந்தப் பாதி மஞ்சள் வளையத்துக்கு அர்த்தம், பச்சை ஓட்டையே மஞ்சள் ஒயருக்கும் பொதுன்னு. ரெண்டையும் ஒரே நேரத்துல மாட்ட முடியாது. மஞ்சளை அங்க செருகிட்டு டிவியில சோர்ஸை காம்போனென்ட்ல வச்சா கருப்பு வெள்ளையா வரும். பிளேயர் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, ரிமோட்ல சோர்ஸை ஏவிக்கு மாத்தினா கலர் வந்துடும்.

இன்னொண்ணு. வீடியோவுக்குப் போற ஒயர் 75 ஓம் கோஆக்சா (நடுவுல ஒரு கம்பி, அதைச் சுத்தி வலை உறை) இருக்கணும். பாட்டுப் பெட்டிக்கு வந்த சிவப்பு-வெள்ளை ஒயரும் அதே பிளக்தான், செருகவும் செருகும், படமும் வரும். ஆனா நீளம் கூடினா ஓரங்கள்ல நிழல் தட்டும்.

பிளேயர்ல எச்டிஎம்ஐ இருந்தா இவ்வளவும் வேண்டாம், அதையே போட்டுட்டுப் போயிடலாம்.

பிக்சல்:

லேப்டாப்புக்கு வருகிறேன். 6 மீட்டர் சுவரோரம் அளந்தது என்றால் இரண்டு முனையிலும் வளைவுக்கு அரை மீட்டர் சேர்த்து 7 அல்லது 7.5 மீட்டர் கேபிள். இந்த நீளத்தில் உள்ளே இருக்கும் செம்பின் தடிமன் முக்கியம். கேபிளின் மேலுறையில் ஏடபிள்யூஜி என்று ஒரு எண் அச்சாகி இருக்கும். எண் குறையக் குறைய கம்பி தடி. 30 என்றால் சுமார் 0.25 மி.மீ., 28 என்றால் 0.32, 24 என்றால் 0.51. 2 மீட்டருக்கு 30 போதும், 5 மீட்டர் வரை 28, அதற்கு மேல் 26 அல்லது 24 எடுங்கள். 3 மீட்டர் கேபிள் இரண்டை இணைப்பான் போட்டுச் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு இணைப்பிலும் சிக்னல் கொஞ்சம் அடிபடும், அசைந்தால் இன்னும் மோசம்.

லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இல்லாமல் டைப்-சி மட்டும் இருந்தால் அந்த போர்ட் படம் அனுப்புமா என்று முதலில் பாருங்கள். டைப்-சி வடிவம் இருப்பதாலேயே வீடியோ வராது. டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (டைப்-சி வழியாகவே படம் அனுப்பும் வசதி) இருக்க வேண்டும். போர்ட்டின் பக்கத்தில் சின்ன "டிபி" குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் நம்பலாம். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரண கேபிள் ஒரே திசையில்தான் வேலை செய்யும், அந்தப் பக்கம் லேப்டாப், இந்தப் பக்கம் டிவி.

பிறகு, கேபிள் சரியாக இருந்தாலும் எழுத்துகள் பிசிறடித்தது போல் தெரியும். இதற்குக் கேபிளை மாற்றிப் பயன் இல்லை. லேப்டாப் 1920 × 1080 அனுப்பும், டிவி அதை 1366 × 768-க்குள் அமுக்கும். லேப்டாப்பின் டிஸ்ப்ளே செட்டிங்கில் 1360 × 768 அல்லது 1366 × 768 காட்டுகிறதா பாருங்கள், இருந்தால் அதில் வையுங்கள். 1366 எட்டால் வகுபடாது. அதனால்தான் பல இடங்களில் 1360 என்று வருகிறது. அப்புறம் டிவியின் படம் மெனுவில் "ஜஸ்ட் ஸ்கேன்", "ஸ்கிரீன் ஃபிட்", "1:1" இப்படி ஏதாவது ஒரு பெயரில் ஒரு அமைப்பு இருக்கும். அதை ஆன் செய்யாவிட்டால் ஓவர்ஸ்கேனில் நாலு ஓரமும் வெட்டுப்படும், டாஸ்க்பார் பாதி காணாமல் போகும்.

கருப்பு சாம்பலாகத் தெரிந்தால், அல்லது இருட்டுக் காட்சியில் எல்லாம் ஒரே கருப்பாக அப்பினால், லேப்டாப்பில் ஆர்ஜிபி ஃபுல் / லிமிடெட் அமைப்பும் (கருப்பு எந்த எண்ணில் தொடங்கி வெள்ளை எந்த எண்ணில் முடிகிறது என்ற கணக்கு) டிவியில் உள்ள பிளாக் லெவலும் ஒத்துப் போகவில்லை என்று பொருள். விலை கூடிய கேபிள் போட்டதும் "கலர் மாறியது" என்பவர்களில் பலருக்கு உண்மையில் மாறியது இதுதான் என்பது என் ஊகம்.

விஜிஏ கடைசி வழி. அது அனலாக், சத்தம் வராது, ஆடியோவுக்குத் தனி 3.5 மி.மீ. ஒயர் இழுக்க வேண்டும்.

சின்னத்திரை:

பாக்ஸ் 1080ஐ ஆனது, படம் பளிச். டிவிடி காம்போனென்டில் ஓடுகிறது. லேப்டாப்புக்கு கைவசம் இருந்த 7 மீட்டர் கேபிளைப் போட்டதில் கருப்பான இடங்களில் வெள்ளைப் பொட்டுகள் ஓடுகின்றன, நடுநடுவே திரை அணைந்து வருகிறது. சுற்றிப் பார்த்தேன், ஏடபிள்யூஜி 30 என்று இருக்கிறது. கேபிளா, போர்ட்டா?

சாலிடர்:

பெரும்பாலும் கேபிள். ஆனாலும் வாங்குவதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாது.

லேப்டாப்பை 1080பி 60-ல் வைத்து, முழுக் கருப்புப் படம் ஒன்றைத் திரையில் விடுங்கள். பொட்டு தெரிகிறதா? இப்போது 720பி-க்கு இறக்குங்கள். பொட்டு நின்றுவிட்டால் கேபிளால் அந்த வேகத்தைத் தாங்க முடியவில்லை. நிற்கவில்லை என்றால் டிவியின் இன்னொரு எச்டிஎம்ஐயில் மாட்டுங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் லேப்டாப்பை டிவிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் பாக்ஸில் இருக்கும் 1.5 மீட்டர் கேபிளைப் போடுங்கள். அதில் சுத்தமாக ஓடினால் 7 மீட்டரை ஓரங்கட்டுங்கள்.

பிளக்கை விரலால் லேசாக, உண்மையிலேயே லேசாக, மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைவுக்கு ஏற்ப பொட்டு கூடிக் குறைந்தால் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது. எச்டிஎம்ஐ பிளக்குக்கு கொக்கி கிடையாது, உராய்வில்தான் நிற்கிறது. 19 பின், எல்லாம் நேராக போர்டில் ஈயப்பற்று வைத்தவை; தடிக் கேபிள் தொங்கித் தொங்கி அந்தப் பற்றைப் பெயர்க்கும். பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி கேபிளை சுவரிலோ பிராக்கெட்டிலோ கட்டிவிட்டால் அந்த எடை சாக்கெட்டில் விழாது.

படம் அறவே வராமல் "சிக்னல் இல்லை" என்றால் அது வேறு கதை. 15, 16-ஆம் பின்கள் வழியாகத்தான் டிவி தான் எந்தெந்த அளவுகளைக் காட்டும் என்று லேப்டாப்புக்குச் சொல்கிறது. 19-ஆம் பின் "நான் இருக்கிறேன்" என்று கை தூக்குகிறது. இவற்றில் ஒன்று மடங்கினால் மற்ற எல்லாக் கம்பியும் நன்றாக இருந்தும் பயன் இல்லை. டார்ச் அடித்து பிளக்கின் உள்ளே பார்த்தாலே தெரியும்.

பிக்சல்:

சுவரில் மாட்டுவதற்கு முன் ஒன்று. பிராக்கெட்டில் மாட்டிய பின் டிவியின் முதுகுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி வரும் என்று அளந்தீர்களா? நேர் பிளக்கின் பிளாஸ்டிக் உடலே 3 முதல் 4 செ.மீ. இருக்கும், அதற்குப் பின் கேபிள் திரும்ப இன்னொரு 3 செ.மீ. வேண்டும்.

சின்னத்திரை:

4 செ.மீ.தான். பின்னால் பார்த்த எச்டிஎம்ஐயில் நேர் பிளக் இடிக்கும் போலிருக்கிறது. 720பி-யில் பொட்டு நின்றுவிட்டது, ஆகவே கேபிள்தான். 7.5 மீட்டர், 24 எடுக்கிறேன்.

பிக்சல்:

24 தடியாக இருக்கும், அதைப் பின் சாக்கெட்டில் மாட்டாதீர்கள். லேப்டாப்புக்கு இடது ஓர எச்டிஎம்ஐ, பாக்ஸின் மெல்லிய 1.5 மீட்டருக்குப் பின் சாக்கெட். பிற்காலத்தில் சவுண்ட்பார் எப்போதாவது போடுவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள், ஏஆர்சி (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ வழியாகவே சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி) அந்தப் பின் சாக்கெட்டில்தான் இருக்கிறது, பாக்ஸ் அப்போது இடம் மாற வேண்டும்.

பின் சாக்கெட்டுக்கு எல் வடிவ அடாப்டர் ஒன்று வாங்குங்கள். 90 டிகிரி, 270 டிகிரி என்று இரண்டு விதம் விற்கும். பெயரை நம்பாமல் வடிவத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ வாயில் ஒரு நீளப் பக்கம் அகலம், எதிர்ப்பக்கம் குறுகல். உங்கள் சாக்கெட்டில் அகலப் பக்கம் மேலே இருந்து, கேபிள் கீழே இறங்க வேண்டும் என்றால், குறுகிய பக்கமாகத் திரும்பும் அடாப்டர்தான் வேண்டும். மற்றதை வாங்கினால் கேபிள் விட்டத்தைப் பார்த்து நிற்கும்.

பழைய_ஒயர்:

மாட்டுறதுக்கு முன்னாடி எல்லா ஒயரையும் கீழ வச்சே செருகி, ஒவ்வொரு சோர்ஸையும் அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாருங்க. செருகும்போது ரெண்டு பக்கமும் கரண்ட் ஆஃப்ல இருக்கட்டும். காம்போனென்ட் ஒயரை மறக்காம இப்பவே போட்டுடுங்க, 4 செ.மீ. சந்துக்குள்ள கையை விட்டு பச்சை எது நீலம் எதுன்னு தடவ முடியாது.