வீட்டுக் கொட்டாய்க்கு பேண்ட்சா (ரெண்டு சக்கரத்துல பட்டை பிளேடு சுத்துற ரம்ப மெஷின்) வாங்கணும், 9 இஞ்சா 14 இஞ்சா? ரப்பர் கட்டையும் அறுக்கணும்

காவடிக்கட்டை (சுங்கை சிப்புட்):
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. தாமான் வீட்டுக்குப் பின்னால 10க்கு 12 அடி தகரக் கொட்டாய் போட்டு மர வேலை செய்றேன். சாமி மேடை, தேங்காய் துருவுற பலகை, தைப்பூசம் வந்துட்டா காவடி வளைவு. இதுவரைக்கும் வளைவு எல்லாம் ஜிக்சாவுலதான், ஒரு இஞ்ச் நியாத்தோ பலகை வரைக்கும் பரவால்ல, அதுக்கு மேல தடிமன் போனா பிளேடு சாஞ்சிடுது, மேல கோட்டுமேல சரியா போகுது, திருப்பிப் பாத்தா கீழ கால் இஞ்ச் தள்ளி நிக்குது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர வேண்டிய வளைவ அரம் போட்டுத் தேய்ச்சி சரி பண்ணவே ரெண்டு நாள் போயிடுது.

இன்னொன்னு, பெரியப்பா கொல்லையில மறுநடவுக்கு ரப்பர் மரத்த வெட்டப் போறாங்க. 28 வருஷ மரம், பால் கொறஞ்சிடுச்சி. எங்கம்மா அந்த நெரையில 15 வருஷம் பால் வெட்டினவங்க. லோரி வந்து மொத்தமா ஏத்திட்டுப் போறதுக்குள்ள நாலஞ்சு துண்டு எடுத்து வச்சி அந்த மரத்துலயே அம்மாவுக்கு ஒரு சாமி மேடை செய்யணும்.

கையில 3,000 வெள்ளி இருக்கு. மேசை மேல வைக்கிற 9 இஞ்ச் புதுசா, தரையில நிக்கிற 14 இஞ்சா? ஈப்போவுல ஒரு பர்னிச்சர் பட்டறைய மூடுறாங்க, அந்தத் தவுக்கே (முதலாளி) பழைய 18 இஞ்ச் மெஷின 2,000 வெள்ளிக்குத் தர்றேங்கறாரு, மனசு அங்கதான் போகுது. சொல்லுங்க.

பலகைவாசம் (தாப்பா):
தம்பி, காசு குடுக்கறதுக்கு முன்னாடி அந்த மெஷின் மோட்டர்ல இருக்கிற தகட்டப் படிங்க. பட்டறை மெஷின் பெரும்பாலும் 3 பேஸ், 415 வோல்ட். நம்ம தாமான் வீட்டுக்கு அனேகமா சிங்கிள் பேஸ் 230தான் வருது. தகட்டுல 230 டெல்டான்னும் போட்டிருந்தா விஎஃப்டி (சிங்கிள் பேஸ் கரண்ட 3 பேஸா மாத்திக் குடுக்கிற பெட்டி) வச்சி வீட்லயே ஓட்டலாம், 415 மட்டும்னா மோட்டரையே மாத்தணும், அப்ப 2,000 வெள்ளிங்கறது வெறும் இரும்புக்குக் குடுக்கிற விலை. சக்கரத்து ரப்பர் வெடிச்சிருக்கான்னும் கையால சுத்திப் பாருங்க.

9, 14ங்கறது சக்கரத்தோட விட்டம். பிளேடுக்கும் தூணுக்கும் நடுவுல அதவிடக் கொஞ்சம் கம்மியா இடம் கிடைக்கும். ஆனா உங்களுக்கு வேண்டியது உயரம் லா, அதாவது எவ்ளோ தடிமனான கட்டை உள்ள போகும்ங்கறது. 9 இஞ்ச்ல மூணரை இஞ்ச் சொச்சம்தான். பழைய மாடல் வார்ப்பிரும்பு 14 இஞ்ச்ல 6 இஞ்ச், தூணுக்கு நடுவுல 6 இஞ்ச் துண்டு ஒன்னு சேத்தா 12 ஆயிடும், பிளேடு நீளமும் 93½ல இருந்து 105 இஞ்சுக்குப் போயிடும், ஆர்டர் பண்ணும்போது மறந்துடாதீங்க.

கரண்ட் பயம் வேணாம். 1.5 ஹெச்பின்னா சுமார் 1,100 வாட், 13 ஆம்பியர் பிளக் தாங்கும். ஆனா மெல்லிசு எக்ஸ்டென்ஷன் வயர்ல மாட்டாதீங்க, கிளம்பும்போது மோட்டர் பல மடங்கு இழுக்கும், வோல்ட் கொறஞ்சா மோட்டர் சுடும்.

கூட வர்ற பிளேட நம்பாதீங்க. காவடி வளைவுக்கு கால் இஞ்ச் அகல பிளேடு, அது 5/8 இஞ்ச் ஆரம் வரைக்கும் திரும்பும். கட்டைய பலகையா அறுக்க அரை இஞ்ச், இஞ்சுக்கு 3 பல்லு. அத வச்சி வளைவு போட்டா ரெண்டரை இஞ்ச் ஆரத்துக்குக் கீழ திரும்பாது, திருப்பினா பிளேடு முறுக்கிக்கும்.

கொட்டாய்க்காரி (பாகான் செராய்):
நான் மொதல்ல 9 இஞ்ச்தான் வாங்கினேன், எட்டு மாசத்துல வித்துட்டேன். பலகை, பொம்மை, சின்ன வளைவுக்கு நல்லாவே ஓடுச்சி, மூணு இஞ்ச் மெர்பாவ் கட்டை வச்சதும் மோட்டர் அழ ஆரம்பிச்சிடுச்சி, பிளேட இறுக்கினா மெஷின் தூணே வளையுது. கடைக்காரர் "எல்லாம் அறுக்கும்"னு சொல்லித்தான் வித்தாரு. 14 இஞ்ச் வந்தப்புறம்தான் கோட்டுமேல நிம்மதியா கை போகுது. ஆனா ஒரு ஆளால தூக்க முடியாது, ரெண்டு பேர் வேணும்.

நம்ம ஊரு ஈரத்துல வார்ப்பிரும்பு மேசை ஒரு வாரத்துல துரு பிடிக்கும். வேலை முடிஞ்சதும் தூளத் துடைச்சி மெழுகு தேய்ச்சிடுங்க, எண்ணெய் வேணாம், மரத்துல கறை படியும். பிளேடு அலையாம பிடிக்கிற மேல் கைட (guide) மரத்துக்கு மேல கால் இஞ்ச் விட்டு இறக்கி வைங்க. நெறைய பேர் மேலயே விட்டுட்டு பிளேடு அலையுதுன்னு மெஷினத் திட்டுறாங்க.

பழையசாமில் (கோலகங்சார்):
மெஷின் பத்தி அவங்க ரெண்டு பேரும் சரியாச் சொல்லிட்டாங்க, 14 இஞ்ச், 1.5 ஹெச்பி, அதோட விடுங்க. நான் கட்டையப் பத்திச் சொல்றேன், ரப்பர் மரம் காத்திருக்காது தம்பி. வெட்டின சில நாள்லயே நீலம் பாஞ்சிடும், பின்னாலேயே வண்டு துளைக்கும், உள்ள இருக்கிற மாவுச்சத்துக்குத்தான் வருது. சீக்கிரம் பலகையாக்கி போராக்ஸ் ஒன்றரை பங்கு, போரிக் ஆசிட் ஒரு பங்கு தண்ணியில கரைச்சி முக்கி எடுங்க, பிளாஸ்டிக் சுத்தி நிழல்ல ரெண்டு மூணு வாரம் வைங்க, மருந்து உள்ள எறங்கணும். அப்புறம் நடுவுல குச்சி வச்சி அடுக்கிக் காய விடுங்க. கையுறை போட்டுக்குங்க.

ரொம்ப முக்கியம், உருண்டைக் கட்டைய அப்படியே மேசையில வச்சித் தள்ளாதீங்க. பல்லு கீழ இழுக்கும், கட்டை உருளும், பிளேடு மாட்டி அறும், கையும் சேந்து போகும். சாமில்ல ஒருத்தருக்கு ரெண்டு விரல் போனத நான் கண்ணால பாத்தவன். பிளைவுட் பலகை மேல கட்டைய ஸ்க்ரூ போட்டுப் பிடிச்சி, அந்தப் பலகையோட சேத்துத் தள்ளுங்க.

மங்குக் கம்பியையும் (பால் பிடிக்கிற கிண்ணத்த மரத்துல கட்டுற கம்பி) பாருங்க. பழைய கம்பி, பால் வடியிற தகரம் எல்லாம் பட்டைக்குள்ள புதைஞ்சி கிடக்கும், மேல தெரியாது. பிளேடு அதுல பட்டா அன்னைக்கே போச்சி.

காவடிக்கட்டை:
அண்ணே, தகட்டப் பாத்துட்டேன், 415 மட்டும்தான். தவுக்கேகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். 14 இஞ்ச் இரும்புச்சட்டம், 1.5 ஹெச்பி முன்பணம் கட்டியாச்சி, ஆனா வர ரெண்டு வாரம் ஆகும், மரத்த இந்த சனிக்கிழமையே வெட்றாங்க. கட்டைய அப்படியே வச்சிருந்தா கெட்டுடுமா?

பழையசாமில்:
வைக்காதீங்க. செயின்சா ஆளுகிட்ட அன்னைக்கே ரெண்டரை இஞ்ச் தடிமனா நீளவாக்குல அறுக்கச் சொல்லுங்க, ரெண்டு முனைக்கும் பழைய பெயிண்ட் அடிச்சி ஞாயித்துக்கெழமையே மருந்துல போடுங்க. தடிமன் ஜாஸ்திங்கறதால இன்னும் ரெண்டு வாரம் கூட சுத்தி வைங்க. மெஷின் வந்ததும் மெல்லிசு பண்ணிக்கலாம்.

சனிக்கிழமை அம்மாவையும் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போங்க. எந்த மரத்துல எந்தப் பக்கம் மங்கு கட்டினாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும், அவங்க கை வைக்கிற எடத்துல சாக்பீஸ் கோடு போட்டுட்டு, அந்த எடத்த விட்டு அறுக்கச் சொல்லுங்க.