பிச்சியாவில் செய்த ஜெலட்டின் எந்த அளவீட்டிலும் தெரியவில்லை, உறையவும் இல்லை. உதவுங்கள்

நுரைக்கலம்:
வணக்கம். மனித டைப் 1 கொலாஜனின் ஆல்ஃபா 1 சங்கிலியில் ஒரு துண்டை எடுத்து, பிச்சியா ஈஸ்ட்டில் ஜெலட்டினாகச் சுரக்க வைக்கிறோம். செல் வளர்ப்புக்கு ஜெல் செய்ய வேண்டும். பன்றித்தோல் ஜெலட்டின் பேட்சுக்கு பேட்ச் மாறுவதால், வரிசை தெரிந்த ஒரே புரதமாக நாமே செய்துகொள்ளலாம் என்று இறங்கினோம்.

மெத்தனாலில் வளர்த்து, மேல்திரவத்தை அமோனியம் சல்ஃபேட்டில் வீழ்படிவாக்கி, டயாலிசிஸ் முடித்து உறையுலர்த்தினால் பஞ்சு மாதிரி வெள்ளையாக நிறையவே கிடைக்கிறது. ஆனால் புரதத்தை அளக்க 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பிராட்ஃபோர்டு என்ற சாயச் சோதனையில் நீலம் ஏறவே மாட்டேன் என்கிறது. கொலாஜனின் அடையாளமான ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலத்துக்கான சோதனையில் சுத்தமாகப் பூஜ்யம். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் 36 கிலோடால்டனில் வர வேண்டிய பட்டை 50 பக்கத்தில் மங்கலாக நிற்கிறது. 10 சதவீதக் கரைசலை ராத்திரி முழுக்க 4 டிகிரியில் வைத்தும் தண்ணீராகவே இருக்கிறது.

குளோனே தப்பு, முதலிலிருந்து தொடங்கு என்கிறார் கைடு. அதற்கு முன் வேறு என்ன பார்க்கலாம்?

சவ்வூடு:
குளோனைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நீங்க சொன்ன அறிகுறி எல்லாமே ஜெலட்டின் சரியா வந்திருந்தாலும் வரும்.

280இல் ஒளியை உறிஞ்சுறது டிரிப்டோஃபேன், டைரோசின்ங்கிற ரெண்டு அமினோ அமிலங்கள். கொலாஜனோட மும்மடிச் சுருள் பகுதியில (மூணு சங்கிலி முறுக்கிக்கிற இடம்) டிரிப்டோஃபேன் கிடையாது, டைரோசினைத் தேடித்தான் பிடிக்கணும். அப்புறம் 280இல் என்ன தெரியும்? பிராட்ஃபோர்டு சாயமும் ஜெலட்டின்ல சரியா ஒட்டாது. மாட்டு அல்புமினை ஸ்டாண்டர்டா வெச்சா அளவு ரொம்பக் குறைச்சலாத்தான் காட்டும்.

ஹைட்ராக்ஸிபுரோலின் விஷயம்தான் பலரைக் கவுக்குது. புரோலினை ஹைட்ராக்ஸிபுரோலினா மாத்துற நொதி பிச்சியாகிட்ட இல்லை. நீங்க அதைத் தனியா சேர்க்கலைன்னா பூஜ்யம்தான் வரணும். சொல்லப்போனா கொஞ்சம் மதிப்பு வந்திருந்தாத்தான் நான் சந்தேகப்படுவேன். ஊடகத்துல இருக்கிற பெப்டோன் பல நேரம் விலங்குத் திசுவிலிருந்து வர்றது, அதுலயே ஹைட்ராக்ஸிபுரோலின் இருக்கும்.

பட்டைக்கு வருவோம். இதோட அமினோ அமிலங்கள்ல மூணுல ஒண்ணு கிளைசின், அதோட நிறைய புரோலின். அதனால அதே எடைக்குச் சங்கிலி நீளமாவும் விறைப்பாவும் இருக்கும். கொலாஜன் வகைப் புரதங்கள் சாதாரண மார்க்கர் (எடை தெரிஞ்ச புரதங்கள்) பக்கத்துல சுமார் 1.4 மடங்கு பெருசாத் தெரியும். 36ஐ 1.4ஆல் பெருக்கிப் பாருங்க, உங்க 50 வந்துடும்!

உறுதிப்படுத்த, கொலாஜன் வகைச் சங்கிலியை வெட்டுற கிளாஸ்ட்ரிடியம் கொலாஜினேஸ் நொதியைப் போட்டுப் பாருங்க. அதிசுத்த ரகம் வாங்குங்க. சாதா ரகத்துல டிரிப்ஸின் மாதிரி வேற புரோட்டியேஸும் (புரதத்தை வெட்டுற நொதி) இருக்கும், அது கண்டதையும் வெட்டிடும். நிறையை மால்டி நிறைமானியில் பாருங்க. அளவுக்கு 214 நானோமீட்டர் உறிஞ்சல், இல்லேன்னா 60 டிகிரியில் பி.சி.ஏ. நிறச் சோதனை; ரெண்டுக்கும் ஸ்டாண்டர்டு ஜெலட்டினாவே இருக்கட்டும்.

நுரைக்கலம்:
மிக்க நன்றி. கொலாஜினேஸ் போட்டதும் 50இல் இருந்த பட்டை காணாமல் போய்விட்டது. 75 பக்கத்தில் இருந்த இன்னொரு பட்டை அப்படியே இருக்கிறது. 30க்குக் கீழே இருந்த ஒரு மெல்லிய பட்டையும் போய்விட்டது. இவை என்ன? உறையாததற்கு என்ன வழி?

மேகலை_ஆய்வகம்:
75 பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் பிச்சியா மெத்தனாலைச் செரிக்கப் பயன்படுத்தும் ஆல்கஹால் ஆக்ஸிடேஸ் நொதியாக இருக்கும். செல் உடைந்தால் வெளியே வரும்; மெத்தனால் ஊட்டத்தைக் கொஞ்சம் மெதுவாக்குங்கள். கீழ்ப் பட்டையும் கொலாஜினேஸில் போனதால் அது உங்கள் ஜெலட்டினின் வெட்டுப்பட்ட துண்டுதான். ஈஸ்ட்டின் சொந்த கெக்ஸ்2 நொதி வழக்கமாக இரண்டு கார அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் இடத்தில் வெட்டும். ஆனால் சில ஜெலட்டின் வரிசைகளில் தனியாக நிற்கும் ஆர்ஜினின் என்ற கார அமினோ அமிலத்துக்குப் பின்னாலும் வெட்டிவிடுகிறது. எல்லா வெட்டும் கெக்ஸ்2 வேலை என்று சொல்ல முடியாது. மற்ற புரோட்டியேஸ்களை அடக்க, நொதித்தலை பி.எச். 3இல் நடத்திப் பாருங்கள்; ஜெலட்டின் அதைத் தாங்கும்.

இனி உறைதல். 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்த அந்த மும்மடிச் சுருள்தான் ஜெலட்டின் ஜெல்லின் முடிச்சு. குளிரும்போது சங்கிலிகள் அங்கங்கே மூன்று மூன்றாக முறுக்கிக்கொள்வதால்தான் ஜெல் நிற்கிறது. அந்த முறுக்கை நிலைப்படுத்துவது ஹைட்ராக்ஸிபுரோலின். அது இல்லாத முழுநீள டைப் 1 கொலாஜனே சுமார் 24 டிகிரியில் பிரிந்துவிடும். ஜெல்லில் இருப்பதோ குட்டிக் குட்டி முறுக்குகள். அவை 4 டிகிரியிலும் நிற்காமல் போவது இயல்பே.

ஹைட்ராக்ஸிபுரோலினை உண்டாக்கும் நொதியான புரோலைல் ஹைட்ராக்ஸிலேஸின் இரு துணையலகுகளையும் ஈஸ்ட்டில் சேர்த்து வெளிப்படுத்தலாம். ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகக் குழு 1997இல் பிச்சியாவிலேயே டைப் 3 கொலாஜனுடன் செய்து காட்டியது. ஆனால் அந்த நொதிக்கு ஆக்ஸிஜன் வேண்டும், மெத்தனாலில் வளரும் ஈஸ்ட்டும் ஆக்ஸிஜனுக்கு அடித்துக்கொள்ளும். குடுவையில் குலுக்கி வளர்ப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நெதர்லாந்தின் வாகனிங்கன் குழு வேறு வழியில் போனது: சங்கிலியின் இரு முனைகளிலும் புரோலின்-கிளைசின்-புரோலின் தொடரை 9 முறை வைத்தார்கள். ஹைட்ராக்ஸிபுரோலின் இல்லாமலே முனைகள் முறுக்கி ஜெல் ஆனது. இதற்குப் புது ஜீன் வேண்டும்.

ஆனால் உங்களுக்கு இது அவசியமா என்று யோசியுங்கள். செல் வளர்ப்பது 37 டிகிரியில். அந்தச் சூட்டில் பன்றி ஜெலட்டினும் உருகிவிடும். எப்படியும் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப்பிணைப்பு போட்டே ஆக வேண்டும். லைசின் அமினோ அமிலத்தில் மெத்தாக்ரிலேட் என்ற, ஒளியில் பிணையும் வேதித்தொகுதியை ஏற்றி ஒளியில் இறுக்கினால் போதும். குளிரிலும் திரவமாக இருப்பது பிப்பெட் பிடிப்பவருக்கு வசதிதான்.

நுரைக்கலம்:
எங்கள் துண்டில் லைசின் இருக்கிறது. வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

மேகலை_ஆய்வகம்:
செல் ஒட்டுவதற்கான ஆர்ஜினின்-கிளைசின்-அஸ்பார்டிக் வரிசை துண்டுக்குள் விழுந்திருக்கிறதா பாருங்கள். மெத்தாக்ரிலேட் ஏற்ற மெத்தாக்ரிலிக் அன்ஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாக விடும்போது அமிலம் உண்டாகி பி.எச். இறங்கும், கார்பனேட் பஃபரில் 9 அருகே பிடித்து வையுங்கள். ஏற்றம் எவ்வளவு என்பதை டி.என்.பி.எஸ். என்ற நிறச் சோதனையில் லைசினில் மிஞ்சிய அமீன் தொகுதிகளை அளந்து கணக்கிடலாம். ஒப்பீட்டுக்கு மெத்தாக்ரிலேட் ஏற்றாத உங்கள் சொந்த ஜெலட்டினையே வையுங்கள். பன்றி ஜெலட்டினை வைத்தால் லைசின் எண்ணிக்கை ஒத்துவராது.