புதுப்பிப்பு: சிஸ்டர்கள் நடத்தும் பி.எட். கல்லூரியில் சேர்ந்துவிட்டேன்

கத்தோலிக்க சிஸ்டர்கள் நடத்தும் சின்ன பி.எட். கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, நான் இந்து, சேரலாமா என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். சேர்ந்தேன். இப்போது இரண்டாம் ஆண்டு.

பலர் கேட்ட ஜெப விஷயம் முதலில். காலை அசெம்பிளியில் ஒரு பாட்டு, ஒரு பைபிள் வாசகம், அப்புறம் செய்தித்தாள் வாசிப்பு. அவ்வளவுதான். திருப்பலிக்கு வா என்று யாரும் வற்புறுத்தவில்லை. அரசியலமைப்பின் 28(3) பிரிவும் சம்மதமில்லாமல் வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது. அதை எடுத்துக்காட்டும் தேவையே எனக்கு வரவில்லை.

கெடுபிடி எல்லாம் வருகைப்பதிவில்தான். ஐம்பது பேர் மட்டும் இருக்கும் வகுப்பில் ஒருத்தி வராவிட்டால் மதியத்துக்குள் வீட்டுக்கு போன் போய்விடும். ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சிலின் (என்சிடிஇ) விதிப்படி வகுப்புகளுக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். இந்த வருடப் பயிற்சி மட்டுமே 16 வாரம். எட்டாம் வகுப்புப் பையன்கள் முன்னால் நின்ற பிறகுதான், முதலாண்டில் படித்த உளவியல் பாடம் எதற்கென்று புரிந்தது.

சிஸ்டர்கள் நடத்துவது போன்ற சிறுபான்மைப் பள்ளியில் வேலைக்கு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். டெட்டுக்கு அடிப்படையான கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வைத்துச் சொன்னது அது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறது. அதனால் நான் டெட் தாள் 2க்கு (6 முதல் 8ஆம் வகுப்பு ஆசிரியர்களுக்கானது) படிக்க ஆரம்பித்துவிட்டேன்.